உங்கள் எம்.எல்.ஏ., எம்.பி.யின் முழுக் கணக்கை எடுப்பது எப்படி? தேர்தல் வரலாறு முதல் அவையில் போட்ட வாக்கு வரை

ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி ஊரில் கேட்டால் கதைக்குக் குறைவிருக்காது. தாளில் தேடினால், அவரைப் பற்றிய விவரம் ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கும். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை, வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரம், சாவடி வாரியான வாக்குத் தாள், அவை நடவடிக்கைக் குறிப்புகள், நீதிமன்றத் தீர்ப்புகள் என ஒவ்வொன்றும் வேறு வேறு காரியத்துக்காக எழுதப்பட்டவை. ஆணையத்தின் அறிக்கை யார் ஜெயித்தார் என்று சொல்லும். அவர் நடுவில் பதவி இழந்தாரா என்று சொல்லாது. அவைக் குறிப்பு மசோதா நிறைவேறியதைச் சொல்லும். உங்கள் உறுப்பினர் கை தூக்கினாரா என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. இந்த எல்லைகளைத் தெரிந்துகொண்டு தேடினால் பாதிப் பிழைகள் தானாகவே விலகிவிடும்.

முதல் வேலை: காலக்கோடு

ஒரு எக்ஸெல் தாளைத் திறந்து ஏழு பத்திகள் போடுங்கள்: நாள், அவை, தொகுதி, கட்சியும் சின்னமும், பெற்ற வாக்கு, முடிவு, பதவி எப்படி முடிந்தது. கடைசிப் பத்தியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காலம் முழுதும் இருந்தாரா, ராஜினாமாவா, தகுதி நீக்கமா, வேறு அவைக்குப் போனாரா என்பதெல்லாம் அந்தப் பத்தியில்தான் வரவேண்டும்.

பொதுத்தேர்தல் அறிக்கைகளை மட்டும் வைத்து ஜெயலலிதாவின் வரலாற்றை எழுதிப் பாருங்கள். 1989 போடிநாயக்கனூரில் வெற்றி. 1991ல் பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வெற்றி. 1996 பர்கூரில் தோல்வி. 2006 ஆண்டிபட்டி, 2011 ஸ்ரீரங்கம், 2016 ஆர்.கே. நகர் மூன்றிலும் வெற்றி. பார்ப்பதற்குக் குறையே தெரியாது. ஆனால் 1984ல் மாநிலங்களவைக்குப் போனது இதில் இல்லை. 2001ல் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு தொகுதிகளில் மனு செய்து நான்கும் தள்ளுபடியானது இல்லை. மனு தள்ளுபடியானவரின் பெயர் வாக்கு எண்ணும் பட்டியலுக்கே வராது. 2002 ஆண்டிபட்டி இடைத்தேர்தல் இல்லை. 2014 செப்டம்பர் 27 சொத்துக் குவிப்பு வழக்குத் தீர்ப்போடு ஸ்ரீரங்கம் காலியானதும், உயர் நீதிமன்றம் விடுவித்தபின் 2015 ஜூன் 27ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நின்றதும் இல்லை. 1991ல் காங்கேயத்தை விட்டுக்கொடுத்ததும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவில் இடைத்தேர்தல் பட்டியலைத் தனியாகப் பாருங்கள். மாநிலங்களவைப் பட்டியலையும் தனியாகப் பார்க்க வேண்டும். பழைய தலைவர் என்றால் மேலவையும் உண்டு. தமிழ்நாட்டில் சட்ட மேலவை 1986 நவம்பர் 1ல்தான் ஒழிந்தது. அண்ணா 1967ல் தென் சென்னையில் மக்களவைக்கு ஜெயித்தவர். முதலமைச்சரானதும் அந்த இடத்தை விட்டுவிட்டு மேலவை உறுப்பினரானார். சட்டமன்றப் பொதுத்தேர்தல் அறிக்கையில் தேடினால் 1967ன் முதலமைச்சரைக் காணாமல் திகைப்பீர்கள்.

தேர்தல் தள்ளிப்போன தொகுதிகளும் இப்படித்தான் கண்ணில் படாமல் போகும். 2016ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் மே மாதம் நடக்கவில்லை. நவம்பர் 19ல்தான் நடந்தன. 2019 வேலூர் மக்களவைத் தேர்தல் ஆகஸ்ட் 5ல் நடந்தது.

பெயர் ஒன்று, ஆள் வேறு

2024 ராமநாதபுரம் மக்களவைத் தேர்தலில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழம் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அதே பட்டியலில் இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் இருந்தார்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆறு பேரின் வாக்கும் ஒரே கணக்கில் ஏறிவிடும். சின்னம், தந்தை அல்லது கணவர் பெயர், வயது மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், இனிஷியல் முன்னும் பின்னும் ஓடும். அதனால் தந்தை பெயரும் வயதும்தான் நம்பகமான பிடி. வயதை ஐந்து ஆண்டுக்கு ஐந்து கூட்டிப் பாருங்கள். ஓரிரு ஆண்டு முன்னே பின்னே இருப்பது சகஜம். பத்து ஆண்டு இடித்தால் ஆள் வேறு.

கட்சிப் பெயரிலும் கவனம் தேவை. 1989ல் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து நின்றது. ஆணையத்தின் அறிக்கையில் ஜெயலலிதா அணி 'ஏ.டி.கே. (ஜே.எல்.)' என்றும், ஜானகி அணி 'ஏ.டி.கே. (ஜே.ஆர்.)' என்றும் இருக்கும். முழுக்கட்சியின் பெயரைத் தேடுகிறவருக்கு அந்த ஆண்டே இல்லாதது போலத் தெரியும்.

தொகுதி அதே தொகுதிதானா?

தமிழ்நாட்டில் 1967 முதல் 234 தொகுதிகள். எண்ணிக்கை மாறவில்லை என்பதால் எல்லையும் மாறவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2008 மறுவரையறைக்குப் பின் வந்த எல்லைகளில் முதல் மக்களவைத் தேர்தல் 2009ல், முதல் சட்டமன்றத் தேர்தல் 2011ல் நடந்தது. பல தொகுதிகள் மறைந்தன, பல புதிதாக வந்தன, சில பொதுத் தொகுதியாகவோ தனித் தொகுதியாகவோ மாறின. கருணாநிதி 1996, 2001, 2006 மூன்றிலும் வென்ற சேப்பாக்கம், 2011ல் அந்தப் பெயரிலும் எல்லையிலும் இல்லை. சேப்பாக்கம் – திருவல்லிக்கேணி ஆகிவிட்டது. அவர் அந்த ஆண்டு திருவாரூருக்குப் போனார். ஒருவர் 'தொகுதி மாறினார்' என்று எழுதுமுன் தொகுதி அவரைவிட்டு மாறியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2006 வாக்கையும் 2011 வாக்கையும் நேருக்கு நேர் கழித்து 'இத்தனை சதவீதம் சரிந்தது' என்று எழுதுவது, பெயர் அப்படியே இருக்கும் தொகுதியிலும் தவறு.

இன்னும் பின்னால், 1952, 1957க்குப் போகிறீர்கள் என்றால் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் குறுக்கே வரும். அங்கே ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. வாக்களித்தவர் எண்ணிக்கையைவிட வாக்குகளின் கூட்டுத்தொகை பெரிதாக இருந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

வாக்கைக் கணக்கிடுவது

தொகுதி மொத்தத்துக்குப் புள்ளிவிவர அறிக்கை போதும். சாவடி வாரியாக வேண்டும் என்றால் படிவம் 20. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதிக்கு ஒன்றாக பி.டி.எஃப். கிடைக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு சாவடி. தபால் வாக்கு கடைசியில் தனி வரியாக இருக்கும். சாவடிகளைக் கூட்டிப் பார்த்து அறிவித்த வெற்றி எண்ணோடு சேரவில்லை என்றால், முதலில் அந்தத் தபால் வரியைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

சாவடி எண்ணை நம்பி இரண்டு தேர்தல்களை ஒப்பிடாதீர்கள். 2021ல் கொரோனாவால் ஒரு சாவடிக்கான வாக்காளர் அளவு குறைந்து துணைச் சாவடிகள் கூடின. 2016ன் 112ஆம் சாவடி 2021ல் 112, 112ஏ என்று பிரிந்திருக்கலாம், எண்ணே நகர்ந்தும் இருக்கலாம். பள்ளிக்கூடத்தின் பெயரையும், சாவடிப் பட்டியலில் உள்ள தெருக்களையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

வாக்கு வித்தியாசம் மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் தெரியும். ஒரு மாதிரிக் கணக்கு: முதல் தேர்தலில் செல்லுபடியான வாக்கு 1,60,000. வென்றவர் 76,800, இரண்டாமவர் 73,600. வித்தியாசம் 3,200, அதாவது 2 சதவீதம். அடுத்த தேர்தலில் செல்லுபடியான வாக்கு 1,80,000. அவர் 81,000, இரண்டாமவர் 74,700. வித்தியாசம் 6,300, அதாவது 3.5 சதவீதம். வித்தியாசம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது, 'செல்வாக்கு கூடியது' என்று தலைப்பு வைக்கத் தோன்றும். ஆனால் அவருடைய பங்கு 48 சதவீதத்திலிருந்து 45க்கு இறங்கியிருக்கிறது. எதிர்ப்பு வாக்கு மூன்றாம், நான்காம் வேட்பாளர்களிடம் சிதறியதால் அவர் தப்பித்திருக்கிறார். எனவே வாக்கு எண்ணிக்கை, சதவீதம், இரண்டாமவரின் சதவீதம், மூன்றாமவரின் சதவீதம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

டெபாசிட் கணக்கில் நோட்டா சேராது. நோட்டாவைக் கழித்த செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும். மேலே சொன்ன 1,80,000 நோட்டா நீங்கலான எண் என்றால் 30,000க்கு மேல் வாங்கியவருக்கே டெபாசிட் திரும்பும்.

முடிவு வழக்குக்குப் போனதா என்பதையும் பாருங்கள். முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். 2016 ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்கில் வென்றதாக அறிவிப்பு. தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண 2019ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; எண்ணிய முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021ல் அதே தொகுதியில் அப்பாவு வென்று பேரவைத் தலைவரானார். இப்படிப்பட்ட தொகுதியில் 'வெற்றி' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினால் வாசகருக்குச் செய்யும் அநியாயம். 2021 தியாகராய நகர் போல 137 வாக்கில் முடிந்த இடங்களில் படிவம் 20ஐ வரி வரியாகப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

பிரமாணப் பத்திரம்: படிவம் 26

ஒரு வேட்பாளர் நான்கு செட் வரை மனு கொடுக்கலாம். அதனால் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஒரே பெயருக்கு இரண்டு மூன்று பத்திரங்கள் இருக்கும். குறை சொல்லித் திருத்திக் கொடுத்ததும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். நாளைப் பார்த்துக் கடைசியாகத் தாக்கல் செய்ததை எடுங்கள். வேட்பாளர்களின் பத்திரங்களைச் சுருக்கித் தரும் மைநேதா தளத்தின் சுருக்கம் தேடுவதற்கு அருமையான வசதி. எழுதும்போது மட்டும் ஸ்கேன் செய்த மூலத்தையே பாருங்கள். கையெழுத்துப் பத்திரத்தில் ஒரு சைபர் தவறாகப் படிக்கப்பட்டால் லட்சம் பத்து லட்சமாகிவிடும்.

சொத்தில் ஆட்கள் ஏமாறுவது நிலத்தில்தான். படிவத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் சர்வே எண், பரப்பு, பூர்வீகமா வாங்கியதா, வாங்கிய நாள், வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இரண்டு தேர்தல்களின் பத்திரங்களைப் பக்கத்தில் வைத்து, தொகையை அல்ல, சர்வே எண்களை ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். பழைய பத்திரத்தில் 40 லட்சம் என்றிருந்த அதே இரண்டு ஏக்கர் புதியதில் 90 லட்சம் என்றால் அது விலையேற்றம். பழையதில் இல்லாத சர்வே எண் புதியதில் வந்தால்தான் அது புதிய சொத்து. பழையதில் இருந்து புதியதில் காணாமல் போன எண் இன்னும் முக்கியம்: விற்றாரா, குடும்பத்தில் பத்திரப்பதிவு மாற்றினாரா என்று கேள்வி எழும். 'ஐந்து ஆண்டில் சொத்து இரண்டு மடங்கு' என்று வரும் செய்திகளில் பல இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டவை.

வாழ்க்கைத் துணை, சார்ந்திருப்போர் கட்டங்களையும் சேர்த்தே படியுங்கள். பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கினால் 'சார்ந்திருப்போர்' பட்டியலிலிருந்து விலகுவார். அவர் பேரில் இருந்த சொத்தும் பத்திரத்திலிருந்து விலகிவிடும். எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடக் கூடாது என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'இல்லை', 'பொருந்தாது' என்றாவது எழுத வேண்டும்.

வழக்கு எண்ணிக்கையை மட்டும் எடுத்துப் போடுவது பெரிய தவறு. பத்து வழக்கு இருப்பவர் பத்தும் சாலை மறியலில் வாங்கியிருக்கலாம். ஒரே வழக்கு இருப்பவர் மேல் அது மோசடியாக இருக்கலாம். பிரிவைப் பாருங்கள், குற்றச்சாட்டு வனையப்பட்டதா என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் எண்களே மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டத்தில் 302 கொலை. பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கு 103, அங்கே 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் சொல் தொடர்பானது. சட்டவிரோதக் கூட்டத்துக்கான பழைய 143 இப்போது 189(2). அரசு ஊழியர் உத்தரவை மீறுவதற்கான பழைய 188 இப்போது 223. மோசடிக்கான பழைய 420 இப்போது 318(4). எந்தச் சட்டம் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் படித்தால் கோஷம் போட்டவரைக் கொலையாளி ஆக்கிவிடுவோம்.

தண்டனை வந்திருந்தால் எத்தனை ஆண்டு என்பதை எழுதுங்கள். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால் உச்ச நீதிமன்றத்தின் 2013 ஜூலை 10 லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பின் பதவி உடனே போகும். தண்டனை முடிந்தபின் ஆறு ஆண்டு போட்டியிட முடியாது. மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைப்பது வேறு. பதவியைக் காப்பாற்றுவது இரண்டாவதுதான். அமைச்சராக இருந்த பொன்முடிக்கு 2023 டிசம்பர் 21ல் மூன்று ஆண்டு தண்டனை வந்து திருக்கோயிலூர் காலி என்று அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச் 11ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் பதவி திரும்பியது. உங்கள் காலக்கோட்டில் இரண்டு நாளும் வரவேண்டும்.

வருகையும் கேள்வியும்

அவைச் செயல்பாடுகளைத் தொகுத்துத் தரும் பி.ஆர்.எஸ். தளத்தில் மக்களவை உறுப்பினரின் வருகை, கேள்வி, விவாதம், தனிநபர் மசோதா எண்ணிக்கை கிடைக்கும். அமைச்சருக்கு அந்தப் பட்டியல் இருக்காது. அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, கேள்வி கேட்பதும் இல்லை. அதைப் பார்த்து 'ஒரு நாளும் வரவில்லை' என்று பகிர்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வியின் எண்ணிக்கையும் கண்ணை மறைக்கும். மக்களவையில் ஒரு நாளைக்கு நேரடிப் பதிலுக்கு 20 கேள்வி, எழுத்துப் பதிலுக்கு 230 கேள்வி. குலுக்கலில்தான் இடம் கிடைக்கிறது. ஒரே கேள்வியில் பல உறுப்பினர்களின் பெயர் சேர்க்கப்படுவதும் உண்டு. முந்நூறு கேள்வி கேட்டவரின் பட்டியலில் முப்பதை எடுத்துப் படியுங்கள்: தொகுதியைப் பற்றி எத்தனை, ஒரே அமைச்சகத்தை விடாமல் துரத்தியது எத்தனை, யாருக்கோ தகவல் திரட்டிக் கொடுப்பது போல இருப்பது எத்தனை என்று பிரித்தால் ஆள் தெரிவார். சட்டமன்றத்தில் வினாவோடு கவன ஈர்ப்பையும், மானியக் கோரிக்கை விவாதத்தில் கொடுத்த வெட்டுத் தீர்மானங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

அவையில் போட்ட வாக்கு

பெரும்பாலான மசோதாக்களுக்கு ஆள்வாரியான வாக்குப் பதிவே கிடையாது. அவைத் தலைவர் 'ஆம்' என்போரையும் 'இல்லை' என்போரையும் குரலால் கேட்டு, எது ஓங்கியதோ அதன்படி அறிவிக்கிறார். யாராவது எழுந்து டிவிஷன் (எண்ணிக்கை வாக்கெடுப்பு) கேட்டு, அது ஏற்கப்பட்டால்தான் எண்ணுவார்கள். 2020 செப்டம்பர் 20ல் மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் கடும் அமளியில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் நடக்கவில்லை. நாடே கொந்தளித்த அந்தச் சட்டங்களுக்கு எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியல் மாநிலங்களவைப் பதிவில் இல்லை. இருப்பதாக யாராவது படம் போட்டு அனுப்பினால் அது வேறு தீர்மானத்தின் பட்டியல்.

பட்டியல் கட்டாயம் கிடைக்கும் இடம் அரசியல் சட்டத் திருத்தம். மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் வேண்டும் என்பதால் எண்ணியே ஆகவேண்டும். மகளிர் ஒதுக்கீடு 2023ல் மக்களவையில் 454க்கு 2, மாநிலங்களவையில் 214க்கு 0. நாடாளுமன்றத்தின் சன்சாத் தளத்தில் அந்த நாளின் விவாதப் பதிவைத் திறந்து, கடைசியில் 'ஆதரவு', 'எதிர்ப்பு', 'நடுநிலை' என்று வரும் பெயர் வரிசைகளைத் தேடுங்கள்.

அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. பொத்தான் வேலை செய்யாதவரும் தவறாக அழுத்தியவரும் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். 2024 டிசம்பர் 17ல் ஒரே நாடு ஒரே தேர்தலுக்கான திருத்த மசோதாவை அறிமுகம் செய்தபோது மின்னணுப் பலகையில் 220க்கு 149. சீட்டுகள் சேர்ந்தபின் 269க்கு 198. பலகையின் படத்தை மட்டும் பார்த்தவர் சுமார் நூறு பேரை 'வரவில்லை' என்று எழுதியிருப்பார். பெயர் வரிசைக்கு அடியில் இருக்கும் குறிப்பைப் படிக்காமல் ஒருவரையும் 'வாக்களிக்கவில்லை' என்று எழுதக் கூடாது. அதோடு, அது அறிமுகத்துக்கான வாக்கு, மசோதாவுக்கான வாக்கு அல்ல. எந்தக் கட்டத்து வாக்கு – அறிமுகமா, எதிர்க்கட்சித் திருத்தமா, இறுதி நிறைவேற்றமா – என்று ஒரு பத்தி கட்டாயம் வையுங்கள்.

வெளிநடப்பைத் தனியாகக் குறியுங்கள். பேச்சில் எதிர்த்துவிட்டு வெளியேறியவர் 'எதிர்ப்பு' வரிசையில் வரமாட்டார். வந்து வாக்களித்தவர் தொகை குறைவதால் மசோதா நிறைவேறுவது எளிதாகவும் கூடும். 'எதிர்த்தார்' என்று எழுதாமல் 'எதிர்த்துப் பேசினார், வாக்கெடுப்பில் இல்லை' என்று எழுதுங்கள்.

தமிழ்நாட்டுப் பேரவையில் டிவிஷன் வந்தால் உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லித் தலை எண்ணுவார்கள். 2017 பிப்ரவரி 18ல் எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் 122க்கு 11. 2025 மார்ச் 17ல் பேரவைத் தலைவர் அப்பாவுவைப் பதவி நீக்கும் தீர்மானத்துக்கு ஆதரவு 63, எதிர்ப்பு 154. எண் இப்படிக் கிடைத்துவிடும். பெயர் வேண்டும் என்றால் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பைத்தான் நாட வேண்டும்.

கிடைத்த வாக்கை அந்த ஆளின் மனசாட்சியாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. 1985ல் வந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடை), கொறடா உத்தரவை, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளையை, மீறி வாக்களித்தாலோ வராமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், பதவி போகலாம். போகும் என்பதும் நிச்சயமில்லை. 2017 பிப்ரவரியில் அரசுக்கு எதிராக வாக்களித்த 11 பேரும் பதவியில் நீடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் முதலமைச்சருக்கு ஆதரவு இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர், அவையில் எதிர்த்து வாக்களிக்காமலேயே, செப்டம்பர் 18ல் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். 2018 அக்டோபர் 25ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஆகவே ஆளை அறிய, கொறடா உத்தரவு எட்டாத இடங்களைத் தேடுங்கள். நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் பின்னால் இணைக்கப்படும் மாற்றுக் கருத்துக் குறிப்பு, தனிநபர் மசோதா, மசோதாவுக்குக் கொடுத்த திருத்தங்கள், அவையில் பேசிய பேச்சின் முழு எழுத்து வடிவம் ஆகியவற்றில்தான் அவர் சொந்தமாக உழைத்த தடம் கிடைக்கும். குடியரசுத் தலைவர் தேர்தலுக்குக் கொறடா உத்தரவு இல்லை. அது ரகசிய வாக்கு என்பதால் யார் என்ன செய்தார் என்று எழுதவும் வழியில்லை.

கிடைக்காததைக் கேட்டு வாங்குவது

பேரவை நடவடிக்கைக் குறிப்பின் குறிப்பிட்ட பக்கம் இணையத்தில் கிடைக்காவிட்டால், சட்டப்பேரவைச் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'இன்னார் எப்படிச் செயல்பட்டார்' என்று கேட்டால் 'அப்படிப்பட்ட தகவல் பராமரிக்கப்படவில்லை' என்று திரும்பும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: 'இந்த நாளில் நடந்த இந்தத் தீர்மானத்தின் மீதான எண்ணிக்கை வாக்கெடுப்பு தொடர்பான பேரவை நடவடிக்கைக் குறிப்பின் பக்கங்களின் நகல்.' ஒரு மனுவில் ஒரு நாள், ஒரு தீர்மானம் என்று வைத்துக்கொண்டால் பதில் குழம்பாது. பெயர்ப் பட்டியல் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலின் நாளையும் கடித எண்ணையும் உங்கள் தாளில் அந்த வாக்குக்கு நேராக ஏற்றி, கட்டத்தில் 'பெயர்வாரிப் பதிவு இல்லை' என்று எழுதுங்கள்.